தாத்தா வண்டி நீலமா பச்சையா? ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு பழைய கலர் தேடின கதை

வண்டி 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ரெண்டு கதவு, அம்மாவோட அப்பா புதுசா வாங்கினது. இந்த வண்டிய பாக்காதவங்களுக்காக சொல்றேன், இங்கிலாந்து ட்ரையம்ஃப் ஹெரால்டத்தான் 1961ல இருந்து நம்ம வண்டலூர் பக்கம் ஃபேக்டரி வெச்சு ஸ்டாண்டர்டு பேர்ல செஞ்சாங்க, டிசைன் இத்தாலிக்காரர் மிச்சலோட்டி போட்டது, ஆரம்பத்துல 948 சிசி இன்ஜின். சேஸி தனி, அது மேல பாடிய துண்டு துண்டா போல்ட் போட்டு மாட்டியிருப்பாங்க, பானெட்ட தூக்கினா ரெண்டு மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்தே முன்பக்கமா கவுந்துக்கும், மெக்கானிக் டயர் மேல உக்காந்துகிட்டு வேலை பாக்கலாம், அவ்ளோ வசதி.

இன்ஜின் வேலை, சஸ்பென்ஷன் வேலை எல்லாம் வேற கதை, அத இங்க எடுக்கல. கலர் ஒண்ணுக்கு மட்டும் அஞ்சு மாசம் ஆச்சு, அதுதான் இது.

வண்டி என் கைக்கு வரும்போது மெரூன் கலர். அது தொண்ணூறுகள்ல யாரோ அடிச்சது, நல்லாவும் அடிக்கல, கண்ணாடிய சுத்தி இருக்கற ரப்பர் பீடிங் மேலயே பெயின்ட் ஏறி கெட்டியா நின்னுச்சு. ஆர்சி புக்குல கலர்னு இருக்கற இடத்துல பேனாவுல "எல். ப்ளூ"ன்னு எழுதியிருக்கு, அதாவது லைட் ப்ளூ, அவ்ளோதான், எந்த லைட் ப்ளூ? அம்மாவ கேட்டா "வானத்து நீலம்டா, நான் ஸ்கூலுக்கு போன வண்டி எனக்கு தெரியாதா"ங்கறாங்க. மாமாவ கேட்டா "அக்காவுக்கு மறந்து போச்சு, அது பச்சை கலந்தது, கடல் பச்சை மாதிரி"ங்கறார். ரெண்டு பேருக்கும் இதுல ஒரு மாசம் பேச்சுவார்த்தை இல்ல (இந்த ஒரு காரணம் மட்டும் இல்லன்னு வெச்சுக்குங்க).

சரி, போட்டோ இருக்குமான்னு தேடினா சித்தி கல்யாண ஆல்பத்துல ஒண்ணு சிக்குச்சு, 1979, கலர் போட்டோ, மாலை போட்டு வண்டி நிக்குது. எடுத்து பாத்தா வண்டி ரோஸ் கலந்த சாம்பல். சித்தி கட்டியிருக்கற பச்சை புடவையும் பழுப்பா தெரியுது, ஆளுங்க மூஞ்சி எல்லாம் செவப்பு. அந்த காலத்து கலர் பிரிண்ட்ல மூணு சாயம் இருக்கும், அதுல சயான்னு சொல்ற அந்த நீலச்சாயம் தான் ஆல்பத்துக்குள்ளயே முதல்ல வெளுத்து போகும், அதனால பழைய போட்டோ எல்லாமே செவந்துடும். நீல வண்டிக்கு நீலம் போன போட்டோ சாட்சி. மூடி வெச்சுட்டேன்.

தெரிஞ்ச ஒருத்தர் சொன்னார், ட்ரையம்ஃப்ல வெட்ஜ்வுட் ப்ளூன்னு ஒரு ஷேட் இருந்துச்சு, அந்த பேர சொன்னா ஃபார்முலா கிடைக்கும், அதையே அடிச்சுடுன்னு. கிடைச்சது, ஒரு சின்ன தகட்டுல அடிச்சும் பாத்தேன், நம்ம வண்டிக்கு அது சேரவே இல்ல. அந்த பேர் எல்லாம் அந்த ஊர்ல பெயின்ட் அடிச்ச வண்டிக்கு. நம்ம வண்டிக்கு நம்ம வண்டிதான் பேசணும்.

பெயிண்டர் ஒரு பாய், வயசு அறுபதுக்கு மேல, மேடவாக்கம் பக்கம் ஒரு ஷெட், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. முதல் நாளே அவர் பண்ணது என்னன்னா, பானெட் ஓரத்துல ஒரு அஞ்சு ரூபா காயின் அளவுக்கு தண்ணி விட்டு 400 நம்பர் வாட்டர் பேப்பர்ல வட்டமா தேய்ச்சார், தேய்க்க தேய்க்க விரிச்சுகிட்டே போனார், அப்புறம் 800, அப்புறம் 1500. வெங்காயத்த குறுக்கால வெட்டின மாதிரி வட்டம் வட்டமா வந்துச்சு பாருங்க. வெளிய மெரூன், அடுத்து சாம்பல் சர்ஃபேசர் (கலருக்கு முன்ன தகட்ட சமமாக்க அடிக்கறது), அடுத்து ஒரு க்ரீம் கலர் (இது யாருக்குமே ஞாபகம் இல்ல, அம்மா மாமா ரெண்டு பேரும் ஒத்துகிட்ட ஒரே விஷயம் இது எப்பவுமே க்ரீமா இருந்ததில்லங்கறது), அப்புறம் கொஞ்சம் பட்டி, அதுக்கும் கீழ ஒரு மெல்லிசு நீலக்கோடு, நடுவுல பழுப்பு செவப்பு ப்ரைமர், அப்புறம் தகடு மின்னுது. அந்த நீலக்கோடு ஒரு நூல் அகலம் தான். அத வெச்சு கலர் எடுக்க முடியாது, ஆனா வண்டி கம்பெனியில இருந்து வந்தப்ப நீல வகைதான்னு உறுதியாச்சு.

இங்க ஒரு விஷயம், பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கும், மஞ்சள், க்ரீம் மாதிரி ஷேட்ல நிறைய இருக்க வாய்ப்பு, அதனால ட்ரையா தேய்க்காதீங்க, தண்ணி விட்டு தேய்ங்க, அந்த சேறு காயறதுக்குள்ள துடைச்சு எடுத்துடுங்க, மாஸ்க் போடுங்க. பாய் போட மாட்டார். நான் வாங்கி குடுத்தத கண்ணாடியில மாட்டி வெச்சிருக்கார்.

அடுத்து அந்த பெயின்ட் என்ன ரகம்னு பாக்கணும். வெள்ளை துணியில என்சி தின்னர் (நைட்ரோ செல்லுலோஸ் பெயின்ட கரைக்கற திரவம்) நனைச்சு அந்த நீலத்து மேல அரை நிமிஷம் வெச்சு துடைச்சா, நைட்ரோ செல்லுலோஸ் பெயின்ட்னா கரைஞ்சு துணியில நீலமா ஏறும். எங்களுக்கு ஏறல, லேசா அழுக்கு தான் வந்துச்சு. அப்ப இது அடுப்புல வெச்சு சுட்ட எனாமல், எண்ணெய் ரெசின் கலந்த சிந்தெடிக் ரகம். இந்த ஒரு டெஸ்ட் ஏன் முக்கியம்னு அப்ப எனக்கு புரியல, ரெண்டு மாசம் கழிச்சு தான் புரிஞ்சுது.

யார கேட்டாலும் இதுதான் சொல்வாங்க: வெயில் படாத இடத்துல தேடு, அங்க ஒரிஜினல் கலர் அப்படியே இருக்கும். நானும் அப்படித்தான் நம்பினேன். கதவு ட்ரிம் போர்ட கழட்டி பாத்தேன், பின் சீட்டுக்கு அடியில பாத்தேன், டிக்கிக்குள்ள பெட்ரோல் டேங்க இறக்கி அதுக்கு பின்னாடி பாத்தேன் (அங்க பெட்ரோல் கசிஞ்சு காவி கறை, அது வேண்டாம்), பாடி துண்டு சேர்ற இடத்துல ரப்பர உருவி பாத்தேன். எல்லாத்துலயும் சுத்தமா இருந்தது டேஷ்போர்டுக்கு உள்ள ரெண்டு ஸ்க்ரூல நின்ன ஒரு கை அகல தகடு. மெரூன் அடிச்சவனும் க்ரீம் அடிச்சவனும் கை வைக்காத இடம். சோப்பு தண்ணியில கழுவி, 2000 பேப்பர்ல ரொம்ப லேசா ஓட்டி, காம்பவுண்ட் போட்டு தேய்ச்சா பளபளன்னு ஒரு கலர் வந்துச்சு. நீலம் கலந்த பச்சை. மாமாவுக்கு போட்டோ அனுப்பினேன், "நான் அப்பவே சொன்னேன்"னு பதில், கூட நாலு கை தட்டற பொம்மை.

பெயின்ட் கடையில ஸ்பெக்ட்ரோன்னு ஒரு கை மெஷின் இருக்கும், தகட்டுல வெச்சு அமுக்கினா கலர படிச்சு மூணு நம்பர் தரும். எல்னா வெளிச்சம், பூஜ்யம் கறுப்பு, நூறு வெள்ளை. ஏ மைனஸ்ல போனா பச்சை, பிளஸ்ல போனா செவப்பு. பி மைனஸ்ல போனா நீலம், பிளஸ்ல போனா மஞ்சள். மெட்டாலிக் பெயின்ட்னா பல கோணத்துல படிக்கணும், நம்மது சாலிட் கலர், ஒரு கோணம் போதும், ஆனா அஞ்சாறு இடத்துல வெச்சு படிங்க, ஒரு கீறல் இருந்தாலும் நம்பர் மாறும். எங்களுக்கு வந்தது எல் 74, ஏ மைனஸ் 9, பி மைனஸ் 4. கடைக்காரர் அரை லிட்டர் கலந்து குடுத்தார், பாய் டிக்கி கதவுக்கு அடிச்சார், நல்லா வந்துச்சு, தகட்ட பக்கத்துல வெச்சா வித்தியாசமே தெரியல. வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

அம்மாவ கூட்டிட்டு போய் காட்டினேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நம்ம வண்டி இல்ல"ன்னாங்க. எனக்கு கோவம் வந்துடுச்சு, மெஷினே சொல்லுதும்மா, அறுவது வருஷ ஞாபகத்த நம்புறதா மெஷின நம்புறதான்னு கேட்டுட்டேன். அம்மா ஒண்ணும் சொல்லாம ஆட்டோல ஏறிட்டாங்க.

பாய் தான் டீ குடிச்சுகிட்டே மெதுவா கேட்டார். "தம்பி, உங்க வீட்ல கதவுக்கு வெள்ளை எனாமல் அடிச்சிருக்கீங்களா?" அடிச்சிருக்கோம் பாய். "அதுல கேலண்டர் மாட்டியிருக்கீங்களா?" ஆமா. "போய் கேலண்டர தூக்கி பாருங்க."

போய் தூக்கி பாத்தேன். சுத்தி வெள்ளையா இருக்கு, கேலண்டர் இருந்த இடம் மட்டும் சதுரமா மஞ்சள், வெண்ணெய் கலர். எத்தனை வருஷமா அந்த சதுரத்த பாத்திருக்கேன், ஒரு தடவ கூட ஏன்னு கேட்டதில்ல.

விஷயம் இதுதான். எண்ணெய் ரெசின் கலந்த பெயின்ட் வெயில்ல வெளுக்கும், அது எல்லாருக்கும் தெரியும். அதே பெயின்ட் இருட்டுல மஞ்சளிக்கும், அது யாரும் சொல்றதில்ல. ரெசின்ல இருக்கற எண்ணெய் காத்தோட சேர்ந்து சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா மஞ்சள் சரக்கு உண்டாகுது, வெளிச்சம் பட்டா அது அப்பப்ப அழிஞ்சுடும், வெளிச்சமே படலன்னா தேங்கிடும். வெள்ளை பெயின்ட்னா மஞ்சளா தெரியும். வெளிர் நீலத்து மேல மஞ்சள் ஏறினா? பச்சை. நான் ஒரிஜினல்னு நெனச்சு படிச்ச தகடு அறுவது வருஷம் இருட்டுல கெடந்த தகடு. வெளிய இருக்கறது வெயில் தின்ன கலர்னா உள்ள இருக்கறது இருட்டு தின்ன கலர், ரெண்டுமே 1966 இல்ல. தின்னர் டெஸ்ட்ல எனாமல்னு தெரிஞ்சப்பவே எனக்கு இது உறைச்சிருக்கணும்.

இதுல நல்ல விஷயம் என்னன்னா அந்த மஞ்சள் திரும்ப போயிடும். அந்த தகட்ட பாதிக்கு மட்டும் சமையல்கட்டு அலுமினியம் ஃபாயில் சுத்தி, விளிம்புல மாஸ்க்கிங் டேப் ஒட்டி, மொட்டை மாடியில தண்ணி டேங்க் மேல வெச்சேன். காக்கா ஒரு தடவ தள்ளி விட்டுச்சு, அப்புறம் செங்கல் முட்டு குடுத்தேன். தினம் சாயங்காலம் பிரிச்சு பாக்கணும்னு கை துறுதுறுக்கும், பாக்கல. ஒன்பது நாள் நல்ல பங்குனி வெயில்.

பத்தாவது நாள் காலையில பிரிச்சேன். நடுவுல ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி இருக்கு. இந்த பக்கம் பழைய பச்சை. அந்த பக்கம் தெளிஞ்ச நீலம், ஆனா கண்ண பறிக்கற நீலம் இல்ல, லேசா சாம்பல் ஓடற, மழைக்கு அப்புறம் வானம் வெளுக்கும்போது வருமே அந்த மாதிரி. வெச்ச இடத்துலயே நின்னு பாத்துகிட்டு இருந்தேன். மெஷின்ல திரும்ப படிச்சா எல் 75, ஏ மைனஸ் 7, பி மைனஸ் 10. பி மட்டுமே ஆறு நகர்ந்திருக்கு. ரெண்டு கலருக்கு நடுவுல வித்தியாசம் ஒண்ணுன்னா பழகின கண்ணுக்கு தான் தெரியும்னு சொல்வாங்க, இது ஆறு. ரொம்ப நாள் வெயில்ல வெச்சா நீல பிக்மென்ட்டே, அதாவது கலர் தர்ற பொடியே, வெளுக்க ஆரம்பிக்கும், அதனால இன்னொரு நாலு நாள் வெச்சு நம்பர் மேல நகரலன்னு உறுதி பண்ணிட்டு எடுத்துட்டேன். எப்ப நிறுத்தணும்ங்கறதுக்கு அதுதான் என் கணக்கு, மஞ்சள் போறது சீக்கிரம் நடக்கும், வெளுக்கறது மெதுவா நடக்கும், நடுவுல நம்பர் அசையாம நிக்கற இடத்த புடிக்கணும்.

தகட்ட அம்மாகிட்ட குடுத்தேன், எது எதுன்னு சொல்லல. நீலப்பக்கத்த கட்ட விரலால தேய்ச்சு பாத்தாங்க. "இதுல தான் நாங்க ஸ்டிக்கர் ஒட்டி அப்பாகிட்ட அடி வாங்கினோம்."

அத்தோட முடிஞ்சுதான்னா இல்ல. ரெண்டாவது தடவ கலர் கலந்தப்ப இன்னொரு கூத்து. மெஷின் குடுத்த ஃபார்முலாவுல வந்த கலர கடைக்காரர் கண்ணால பாத்து கொஞ்சம் திருத்தினார், எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க, தப்பில்ல. கடைக்குள்ள ட்யூப்லைட்டுல தகடும் புது பெயின்டும் ஒட்டிப்போச்சு. வெளிய ரோட்டுல வெயிலுக்கு கொண்டு வந்தா புது பெயின்ட் லாவெண்டர் பூத்த மாதிரி ஊதா அடிக்குது. ரெண்டு பேரும் உள்ள வெளிய உள்ள வெளியன்னு நாலு தடவ நடந்தோம். காரணம் என்னன்னா, பழைய பெயின்ட்ல நீலம் ஒரு பிக்மென்ட்ல வந்திருக்கும், புதுசுல வேற பிக்மென்ட், ரெண்டும் ஒரு வெளிச்சத்துல ஒரே மாதிரி தெரியும், வெளிச்சம் மாறினா பிரிஞ்சுடும். மிக்சிங் கடையில நீல டின்ட்டரே (கலக்கறதுக்கான மூல கலர்) ரெண்டு இருக்கும், ஒண்ணு செவப்பு ஓடற நீலம், இன்னொண்ணு பச்சை ஓடற நீலம். எங்களுக்கு செவப்பு ஓடற நீலம் ஊத்தி, அத அடக்க கறுப்பு ஊத்தியிருந்தாங்க. அத விட்டுட்டு பச்சை ஓடற நீலம், வெள்ளை, ரொம்ப கொஞ்சமா மஞ்சள் ஆக்சைடு, ஒரு சொட்டு கறுப்புன்னு போனதும் வெயில்லயும் நின்னுச்சு, நிழல்லயும் நின்னுச்சு, ராத்திரி பெட்ரோல் பங்க் லைட்ல மட்டும் ஒரு துளி பிரியும், அது பரவால்ல. மேக மூட்டமான காலையில வடக்கு பாத்த நிழல்ல வெச்சு பாக்கறது தான் எல்லாத்தையும் விட நல்ல லைட், நேர் வெயில் கண்ண கூச வெச்சுடும்.

ஷேட் பேர் சொல்ல ஒரு வழி வேணும்னா ஐஎஸ் 5ன்னு நம்ம ஊர் ஸ்டாண்டர்ட் ஷேட் கார்டு இருக்கு, 101 ஸ்கை ப்ளூ, 217 சீ க்ரீன்னு நம்பரோட. அத ஒண்ணு வாங்கி வெச்சுகிட்டா ஃபோன்ல பேசும்போது "101 விட கொஞ்சம் அழுக்கா"ன்னு சொல்லலாம், வாட்ஸாப் போட்டோ அனுப்பறத விட ஆயிரம் மடங்கு மேல்.

டெஸ்ட் தகடு அடிக்கறதுல நாங்க கத்துகிட்டது: அடிக்கற தகட்டுல முதல்ல கறுப்பு மார்க்கர்ல ஒரு பட்டை கோடு போட்டுடுங்க, அந்த கோடு சுத்தமா மறையற வரைக்கும் கோட் போடணும், அப்பதான் அடி கலர் மேல தெரியாது. எங்களுக்கு மூணு கோட் ஆச்சு. ஈரமா இருக்கும்போது கலர பாத்து முடிவு பண்ணாதீங்க, காய்ஞ்சா கொஞ்சம் இறங்கும், மறுநாள் பாருங்க. கார்ல என்ன ப்ரைமரோ தகட்டுலயும் அதே ப்ரைமர். எனக்கு மொத்தம் ஏழு தகடு ஆச்சு, பின்னாடி தேதியும் கிராம் கணக்கும் எழுதி வெச்சிருக்கேன்.

அப்புறம் க்ளியர் கோட் சண்டை, அதாவது கலருக்கு மேல அடிக்கற நிறமில்லாத பூச்சு. பாயோட பையன் மேட் பேஸ் கோட் அடிச்சு மேல க்ளியர் அடிச்சா கண்ணாடி மாதிரி இருக்கும்னு ஒரே பிடிவாதம். இருக்கும், அதுதான் பிரச்சினை. க்ளியர் அடிச்சா கலர் ஆழத்துல இருந்து தெரியும், ஈரமாவே இருக்கற மாதிரி, 1966 எனாமல் அப்படி இருக்காது, கலர் மேலயே உக்காந்திருக்கும். நம்பர் எவ்ளோ சரியா இருந்தாலும் க்ளியர் போட்டா அது இப்ப வர்ற கார் மாதிரி ஆயிடும். அதனால சிங்கிள் ஸ்டேஜ் டூகே பியூ, அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கற பாலியூரிதேன் பெயின்ட், கலரும் பளபளப்பும் அதுலயே, க்ளியர் இல்லாம. மறு வாரம் 2000ல லேசா ஓட்டி பாலிஷ் பண்ணோம், ஒரு சுத்து மினுமினுப்பு குறைஞ்சுச்சு, அது போதும். டூகே ஹார்டனர்ல ஐசோசயனேட்னு நுரையீரல கெடுக்கற கெமிக்கல் இருக்கு, மூக்குல கர்ச்சீப் கட்டினா அது நிக்காது, காத்து குழாய் வெச்ச மாஸ்க் வாடகைக்கு எடுத்து பையன போட வெச்சேன், அந்த ஒரு விஷயத்துல நான் விட்டுக்குடுக்கல.

மொத்த பெயின்டையும் ஒரே தடவையில கலக்க சொல்லி, ரெண்டு டின்ன ஒண்ணா ஊத்தி கலந்து வடிகட்டி தான் ஆரம்பிச்சோம். ஹெரால்டுல பானெட், கதவு, டிக்கி எல்லாம் கழட்டி தனித்தனியா அடிக்கற வண்டி, நடுவுல பெயின்ட் தீந்து மறுபடி கலந்தா கதவு ஒரு நீலம் பானெட் ஒரு நீலம்னு நிக்கும். ஹார்டனர் கலக்காம கால் லிட்டர் தனியா மூடி வெச்சிருக்கேன், கீறல் விழாமலா இருக்கப்போகுது.

அந்த கை அகல தகட்டுக்கு மட்டும் பெயின்ட் அடிக்கல. பாதி பச்சை பாதி நீலமா அப்படியே டேஷ்போர்டுக்கு உள்ள பழைய இடத்துலயே ஸ்க்ரூ போட்டுட்டேன், குனிஞ்சு டார்ச் அடிச்சா தெரியும். மாமா வந்தப்ப குனிஞ்சு பாத்தார். சின்ன வயசுல அவர் அந்த டேஷ்போர்டுக்கு அடியில தான் கால் நீட்டி படுத்துகிட்டு வருவாராம், பாடி ஓரமெல்லாம் அங்க பச்சைதான்னு இன்னும் சொல்றார். அம்மா எதுவும் சொல்லல, முன் சீட்ல ஏறி உக்காந்துகிட்டாங்க. டிக்கி பீடிங் ரப்பர் இன்னும் கிடைக்கல, புதுப்பேட்டையில ரெண்டு கடையில சொல்லி வெச்சிருக்கேன், மழைக்கு முன்ன வந்தா சரி.